கனவுந்து ஓட்டுநரின் மகன்



கம்போங் ராஜாவில் எங்களைத் துயிலெழுப்புவது கனவுந்துகளின் ஓசைதான். முதல் நாள் பிற்பகலில் முட்டைக்கோசும் தக்காளியும் கீரையும் ஏற்றிக்கொண்டு மலையிறங்கிய வண்டிகள், இரவெல்லாம் ஓடிச் சரக்கை இறக்கிவிட்டு, வெறும் கூடைகள் தடதடக்க விடியற்காலையில் மேலேறி வரும். தேயிலைச் சரிவுகளில் பனி விலகாத அந்த நேரத்தில், பழைய லேண்ட் ரோவர் வண்டிகள் தோட்டப் பாதைகளில் முனகத் தொடங்கியிருக்கும். இந்த ஓசைகளுக்கு நடுவேதான் எங்கள் பிள்ளைகள் பள்ளிக்கு வருகிறார்கள். அவர்களுள் பலருடைய வீட்டில் உலை கொதிப்பதும் இந்த வண்டிகளால்தான்.

இன்று நான் எழுதப்போவது வண்டிப் பந்தயத்தைப் பற்றி. தமிழாசிரியைக்கும் வண்டிப் பந்தயத்திற்கும் என்ன தொடர்பு என்று நீங்கள் வியக்கலாம். என் சிவப்புப் பேனா செய்த ஒரு பிழைதான் தொடர்பு. அதை மறைக்காமல் சொல்லிவிட்டுப் பந்தயக் கதைக்கு வருகிறேன்.

ஐந்தாம் ஆண்டு மாணவர்களுக்கு ‘என் இலட்சியம்’ என்னும் தலைப்பில் கட்டுரை எழுதக் கொடுத்திருந்தேன். வழக்கம்போல் மருத்துவர்கள், ஆசிரியர்கள், பொறியியலாளர்கள் வரிசையாக வந்தனர். நம் பிள்ளைகள் எல்லாரும் ஏழைகளுக்கு இலவச மருத்துவம் பார்க்கப் போவதாகத்தானே எழுதுகிறார்கள்! அந்த அடுக்கில் ஒரேயொரு கட்டுரை மட்டும் வேறு மாதிரி இருந்தது. “என் அப்பா லோரி ஓட்டுகிறார். நானும் லோரி ஓட்டுவேன். ஆனால் நான் ரேசில் ஓட்டுவேன்” என்று தொடங்கியிருந்தான் அந்த மாணவன். எந்த வளைவில் எந்தக் கியர், மழைநாளில் எவ்வளவு இடைவெளி, ஏற்றிய சரக்கு ஒரு பக்கம் சாய்ந்தால் வண்டி எப்படி இழுக்கும் என்று ஒன்றரைப் பக்கம் எழுதியிருந்தான். எழுத்துப்பிழைகள் நிறைய இருந்தன. ஆயினும் ஒரு வரிகூட மனப்பாடம் செய்த வரியன்று.

நான் என்ன செய்தேன் தெரியுமா? ‘லோரி’ என்ற சொல்லை வந்த இடமெல்லாம் அடித்துக் ‘கனவுந்து’ என்று திருத்தினேன். அடியில், “உயர்ந்த இலட்சியம் ஒன்றைத் தேர்ந்தெடுத்து மீண்டும் எழுதுக” என்று எழுதிக் கையொப்பமிட்டேன். அவன் மறுவாரமே மருத்துவனாகி வந்துவிட்டான். பிழைகள் குறைந்திருந்தன, பழமொழி இரண்டு சேர்ந்திருந்தது. நல்ல புள்ளியும் கொடுத்தேன். யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021-இல் நீக்கப்பட்டுவிட்டது. தேர்வுக்காகப் பழகிய நம் கைகள் மட்டும் இன்னும் பழைய தடத்திலேயே ஓடுகின்றன.

இரண்டு மாதம் கழித்துப் பெற்றோர் சந்திப்பு நடந்தது. மற்றவர்களெல்லாம் போன பிறகு அவனுடைய தந்தை வந்தார். சட்டையைத் துவைத்து உடுத்தியிருந்தாலும் விரல் நுனிகளில் எண்ணெய்க் கறை போகவில்லை. மதிப்பெண்களைப் பார்த்தார், மகிழ்ந்தார். எழுந்து போகையில் தயங்கி நின்றார்.

“டீச்சர், ஒன்னு கேக்கலாமா? முன்னெல்லாம் காலையில நான் திரும்பி வரும்போது அவன லோரியிலேயே ஏத்திக்கிட்டு வந்து கேட்டுக்கிட்ட இறக்கிவிடுவேன். இப்ப கீழ முச்சந்தியிலேயே இறங்கிக்கிறேன்னு சொல்றான். பள்ளிக்கூடம் வரைக்கும் வண்டி வரவேணாமாம். பசங்க யாராச்சும் கேலி பண்றாங்களா டீச்சர்?”

“விசாரிக்கிறேன் ஐயா” என்றேன். விசாரிக்க ஒன்றுமில்லை என்பது எனக்குத் தெரிந்திருந்தது. அவர் மேலும் சொன்னார்: “அவன் லோரிதான் ஓட்டணும்னு நான் சொல்லல. நல்லா படிக்கட்டும், பெரிய வேலைக்குப் போகட்டும். ஆனா என் வண்டியப் பாத்து அவன் ஏன் வெக்கப்படணும்?”

அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. என் தந்தையும் வண்டியோட்டிதான். தேயிலை மலைகளில் பறித்த கொழுந்தை நிறுவை நடக்கும் இடத்திலிருந்து ஏற்றிக்கொண்டு தொழிற்சாலைக்குக் கொண்டுசெல்லும் வண்டி அவருடையது. நான் இடைநிலைப்பள்ளியில் சேர்ந்தபோது ‘தந்தையின் தொழில்’ என்ற கட்டத்தில் ‘தோட்ட அலுவலர்’ என்று எழுதினேன். அந்தத் தாளில் கையொப்பமிட வேண்டியவர் என் தந்தை. அவர் படிக்கத் தெரிந்தவர். படித்தார், கையொப்பமிட்டார், தாளை மடித்து என்னிடம் கொடுத்தார். ஒரு சொல்லும் சொல்லவில்லை. அவர் மறைந்து ஆண்டுகள் பலவாகிவிட்டன. அந்தத் தாளைப் பற்றி அவரிடம் பேச எனக்கு இனி வாய்ப்பில்லை. என் மாணவன் விஷயத்தில் வாய்ப்பு இருந்தது.

ஈப்போவில் வண்டிப் பட்டறை வைத்திருக்கும் என் தம்பியை அழைத்து, “லாரிப் பந்தயம் என்று உண்மையில் ஒன்று உண்டா?” என்று கேட்டேன். அவன் சிரித்தான். “என்னக்கா இப்படிக் கேட்டுட்ட? நம்ம நரேன் கார்த்திகேயனே அமெரிக்காவுல டிரக் ரேஸ் ஓட்டியிருக்காரு!” என்றான். 2005 மார்ச்சு 20-ஆம் நாள் செப்பாங்கில் நடந்த ஃபார்முலா ஒன் பந்தயத்தைப் பார்க்கப் போனவன் அவன். அன்று நரேன் 11-ஆவதாக வந்ததை வென்றுவிட்டதுபோலவே எங்களிடம் சொல்லிக்கொண்டிருந்தான்.

இனி பந்தயக் கதைக்கு வருவோம்.

நரேன் கார்த்திகேயன் கோயம்புத்தூரைச் சேர்ந்தவர், 1977-இல் பிறந்தவர். தந்தை ஜி. ஆர். கார்த்திகேயனும் வாகனப் பந்தய வீரர்தான். தென்னிந்திய ராலியைப் பலமுறை வென்றவர். கோவைக்கும் பந்தயத்திற்கும் பழைய உறவு உண்டு. ஆலைத் தொழில் குடும்பத்தில் பிறந்த கரிவரதன் என்பவர், 1980-களின் இறுதியில் மாருதி 800 மகிழுந்தின் இயந்திரத்தைக் கொண்டே ஒற்றை இருக்கைப் பந்தய வண்டிகளைக் கட்டினார். வெளிநாட்டு வண்டி வாங்க இயலாத இளைஞர்களுக்கு அதுவே பந்தயத்தின் வாசலைத் திறந்தது. கரிவரதன் 1995-இல் விமான விபத்தில் மறைந்தார். கோவையை அடுத்த செட்டிப்பாளையத்தில் உள்ள பந்தயத் திடல் இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. நரேனும் ஃபார்முலா மாருதி வண்டியில் திருப்பெரும்புதூர்த் திடலில்தான் பந்தய வாழ்வைத் தொடங்கினார். கடையில் விற்கும் வண்டியின் இயந்திரத்தோடு தொடங்கிய ஒருவர், 2005-இல் ஜோர்டான் அணியில் சேர்ந்து, ஃபார்முலா ஒன் பந்தயத்தில் ஓடிய முதல் இந்தியர் ஆனார். அவ்வாண்டு அமெரிக்கப் பந்தயத்தில் நான்காம் இடம் பெற்று 5 புள்ளிகளும் ஈட்டினார். வட்டைச் சிக்கலால் பெரும்பாலான அணிகள் விலகிக்கொள்ள, 6 வண்டிகளே ஓடிய பந்தயம் அது. அதையும் சேர்த்துச் சொல்வதுதான் நேர்மை.

அந்த உயரத்தில் அவரால் நிலைத்திருக்க இயலவில்லை. 2006-இல் பந்தய இருக்கை கிடைக்கவில்லை. வில்லியம்ஸ் அணியில் சோதனை ஓட்டுநராக இருந்தார். 2007 இறுதியில் சீனாவின் ஜூஹாயில் ‘ஏ1 ஜிபி’ பந்தயத்தில் இந்திய அணிக்கு முதல் வெற்றி தேடித் தந்தார். 2009-இல் பிரான்சின் லெ மான் 24 மணிநேரப் பந்தயத்திற்குத் தேர்வானவர், பந்தயம் தொடங்குமுன் திடல் ஓரத் தடுப்புச் சுவரைத் தாண்டும்போது தோள்மூட்டு விலகி, ஓட முடியாமலே திரும்பினார். எத்தனை சோதனை!

2010-ஆம் ஆண்டில் இந்திய அரசு அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கியது. அதே ஆண்டில், தம் 33-ஆம் வயதில், அவர் அமெரிக்கா சென்று ‘டிரக்’ ஓட்டினார். அவரைச் சேர்த்துக்கொண்ட அணியின் பெயர் வைலர் ரேசிங். ஒஹாயோ மாநிலத்தின் சின்சினாட்டி வட்டாரத்தில் வாகன விற்பனை செய்யும் ஜெஃப் வைலர் என்பவருடைய அணி அது. பல வண்டிகளை இறக்கும் பெரிய அணிகளுக்கு நடுவே, 60 என்ற எண் தாங்கிய வண்டியால் அறியப்பட்ட சிறிய அணி. சிறியது என்று குறைத்து மதிப்பிட வேண்டா. 2007 பிப்ரவரியில் டேட்டோனா என்னும் புகழ்பெற்ற திடலில், ஜேக் ஸ்பிரேக் என்ற மூத்த ஓட்டுநர் இதே அணிக்காக முதலிடம் பெற்றிருக்கிறார்.

இங்கே ‘ஸ்டாக் கார்’ என்ற சொல்லை விளக்க வேண்டும். கடையில் விற்பனைக்கு இருப்பு வைத்திருக்கும் சாதாரண வண்டி என்பதே அதன் பொருள். பந்தயத்திற்கென்று பிறந்த வண்டியன்று. அமெரிக்காவின் அப்பலாச்சிய மலைப்பகுதிகளில் கள்ளச் சாராயம் கடத்தியவர்கள், அதிகாரிகளிடம் அகப்படாமல் இருக்கச் சாதாரண வண்டிகளின் இயந்திரத்தை முடுக்கிவிட்டு, இருளில் மலைவளைவுகளில் பறந்தார்கள். யார் வண்டி விரைவானது என்று அவர்களுக்குள்ளேயே போட்டி வந்தது. அந்தப் போட்டிகளை ஒழுங்குபடுத்தி வளர்ந்ததுதான் ‘நாஸ்கார்’ அமைப்பு. 1948-இல் அது முறையாகத் தொடங்கப்பட்டது. இன்று ஓடும் வண்டிகள் வெளித்தோற்றத்தில் மட்டுமே கடை வண்டிகள். உள்ளே எஃகுக் குழாய்களால் கட்டிய பந்தய வண்டிகள். 1995-இல் இதே அமைப்பு டிரக் வண்டிகளுக்கெனத் தனித் தொடர் ஒன்றைத் தொடங்கியது.

டிரக் என்றால் நம் ஊர்க் காய்கறி லாரி அன்று. பின்புறம் திறந்த சரக்குத் தொட்டி வைத்த பிக்கப் வண்டி. வகுப்பில் இதைச் சொன்னபோது, “ஹைலக்ஸ் மாதிரியா டீச்சர்?” என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. ஆமாம், ஏறக்குறைய அந்த உருவம்தான். ஆனால் எடை 1,500 கிலோகிராமுக்கு மேல். நரேன் ஃபார்முலா ஒன்னில் ஓட்டிய வண்டியோ ஓட்டுநரையும் சேர்த்து ஏறக்குறைய 600 கிலோகிராம்தான். அது தும்பிபோல் திரும்பும்; இது எருமைபோல் மெல்லத் திரும்பும். அங்கே இடமும் வலமும் வளையும் சாலை. இங்கே நீள்வட்டத் திடலில் இடப்பக்கமாக மட்டுமே சுற்ற வேண்டும். அங்கே வண்டிகள் உரசினால் இரண்டும் கெட்டன. இங்கே உரசலும் இடியும் ஆட்டத்தின் பகுதியே.

2010 மார்ச்சு 27-ஆம் நாள், வர்ஜீனியா மாநிலத்தின் மார்ட்டின்ஸ்வில் திடலில் அவருடைய முதல் டிரக் பந்தயம் நடந்தது. நாஸ்கார் பந்தயத்தில் கலந்துகொண்ட முதல் இந்தியர் என்ற பெயர் அன்று அவருக்கு வந்தது. தாள்செருகி வடிவில் அமைந்த மிகச் சிறிய திடல் அது. ஒரு சுற்று 850 மீட்டருக்கும் சற்றுக் குறைவு. 250 சுற்றுகள். ஒவ்வொரு சுற்றிலும் இரு முனைகளிலும் வண்டியை இறுக்கிப் பிடித்துத் திருப்ப வேண்டும். “அப்படியானால் எத்தனை முறை பிரேக் பிடிக்க வேண்டும்?” என்று பிள்ளைகளைக் கேட்டேன். 500 என்று கத்தினார்கள். பிரேக் தட்டுகள் நெருப்பாய்ச் சிவந்துவிடும். தொடக்கத்திலேயே அவற்றைத் தேய்த்துவிட்டவர், கடைசிச் சுற்றுகளில் சுவரைத்தான் பார்க்க வேண்டும். வெல்பவருக்கு ஆளுயர மணிக்கூண்டுக் கடிகாரம் ஒன்று பரிசு. நரேனுக்குக் கடிகாரம் கிடைக்கவில்லை. அறியாத வண்டியில், அறியாத திடலில், அவர் 13-ஆவதாக வந்தார்.

அந்த 13-ஆம் இடத்தில் அவரோடு எத்தனை பேர் இருந்தார்கள் என்பதுதான் எனக்கு வியப்பூட்டியது. தலைக்கவசமும் இருக்கையின் காப்பும் சேர்ந்து ஓட்டுநரின் பக்கப் பார்வையை மறைத்துவிடும். ஆகவே அரங்கின் உச்சியில் ‘ஸ்பாட்டர்’ என்னும் ஒருவர் நின்றுகொண்டு, “உள்பக்கம் ஒரு வண்டி இருக்கிறது, இன்னும் இருக்கிறது, இப்போது இல்லை, போகலாம்” என்று வானொலி வழியே சொல்லிக்கொண்டே இருப்பார். அவர் சொல்லை நம்பித்தான் ஓட்டுநர் இடம் மாற வேண்டும். வண்டி ஓரத்திற்கு வந்தால் ஜாக்கி ஏற்ற ஒருவர், சக்கரம் சுமக்கச் சிலர், கழற்றி மாட்டச் சிலர், எரிபொருள் ஊற்ற ஒருவர் என்று பாய்ந்து வருவார்கள். அந்நாளில் ஒவ்வொரு சக்கரத்திற்கும் ஐந்து திருகுமரைகள். ஒன்றை முறுக்க மறந்தாலும் பந்தயம் போய்விடும். வெற்றி மேடையில் நிற்பவர் ஒருவர். அவரை அங்கே ஏற்றிவிடுபவர்களின் பெயர் எந்தப் பலகையிலும் வருவதில்லை.

நரேன் அந்த ஆண்டில் மொத்தம் 9 டிரக் பந்தயங்களில் ஓடினார். ஒன்றிலும் வெல்லவில்லை. முதல் பத்து இடங்களுக்குள்ளும் வரவில்லை. ஆயினும் ஆண்டு முடிவில், இரசிகர்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் ‘மிகவும் விரும்பப்பட்ட ஓட்டுநர்’ விருது அந்த டிரக் தொடரில் அவருக்கே கிடைத்தது. மறு ஆண்டில் அவர் எச்.ஆர்.டி. அணியில் மீண்டும் ஃபார்முலா ஒன்னுக்குத் திரும்பினார். 2011 அக்டோபர் 30-ஆம் நாள் இந்தியாவில் முதன்முதலாக ஃபார்முலா ஒன் பந்தயம் நடந்தபோது, அதில் ஓடிய ஒரே இந்தியர் அவர். பின்னர் ஜப்பானில் பல ஆண்டுகள் ஓட்டினார். வைலர் ரேசிங் என்னும் பெயர் இப்போது பந்தயங்களில் இல்லை. சிறிய அணிகளின் விதி பெரும்பாலும் அப்படித்தான். புரவலர் கிடைக்கும் வரை ஓடும். கிடைக்காத ஆண்டில் கதவைச் சாத்திவிடும்.

நான் பிள்ளைகளுக்கு இன்னொரு சிறிய அணியின் கதையையும் சொன்னேன். மார்ட்டின்ஸ்வில் திடலிலிருந்து ஏறத்தாழ 50 கிலோமீட்டர் தொலைவில் டேன்வில் என்னும் ஊர் இருக்கிறது. அங்கே 1921-இல் பிறந்தவர் வெண்டல் ஸ்காட், கறுப்பினத்தவர். இரண்டாம் உலகப் போரில் படையில் வண்டி பழுதுபார்த்தவர். வாடகை மகிழுந்தும் ஓட்டியவர். பின்னர்ப் பந்தயத்தில் இறங்கினார். பணமுள்ள அணி எதுவும் அவரை ஏற்கவில்லை. தம் வண்டியைத் தாமே பழுதுபார்த்து, தம் பிள்ளைகளையே உதவியாளர்களாக வைத்துக்கொண்டு ஓடினார். குடும்பமே அணி!

1963 திசம்பர் 1-ஆம் நாள் ஜாக்சன்வில் நகரில் அவர் முதலாவதாக வந்தார். கொடியோ வேறொருவருக்கு அசைக்கப்பட்டது. வெற்றிக் கிண்ணமும் அவருக்கே கொடுக்கப்பட்டது. மக்கள் கலைந்து சென்ற பின்னர், கணக்கில் பிழை நேர்ந்துவிட்டது என்று சொல்லி ஸ்காட்டை வெற்றியாளராக ஒப்புக்கொண்டார்கள். கிண்ணம் மட்டும் அவர் கைக்கு வரவேயில்லை. 1990-இல் அவர் மறைந்தார். 2015-இல் நாஸ்கார் தன் புகழ் மன்றத்தில் அவர் பெயரைச் சேர்த்தது. 2021 ஆகஸ்டில், அவருடைய வெற்றிக்கான கிண்ணத்தை அவர் குடும்பத்தாரிடம் முறையாக வழங்கியது. ஏறக்குறைய 58 ஆண்டுகள் கழித்து!

வகுப்பு அமைதியாக இருந்தது. “அவரு செத்த பிறகு குடுத்து என்ன டீச்சர்?” என்று கேட்டாள் ஒரு மாணவி. அந்தக் கேள்விக்கு என்னிடம் விடையில்லை. மடித்துக் கொடுக்கப்பட்ட அந்தத் தாள்தான் நினைவுக்கு வந்தது. உரிய நேரத்தில் கொடுக்காத மதிப்பைப் பிறகு யாரிடம் கொண்டுபோய்க் கொடுப்பது?

அடுத்த வாரம், தலைமையாசிரியரின் இசைவோடு, அந்த மாணவனின் தந்தையை வகுப்புக்கு அழைத்தேன். “நான் என்ன டீச்சர் பேசுறது?” என்று மிகவும் கூச்சப்பட்டார். “நீங்கள் தினமும் செய்வதைச் சொல்லுங்கள், போதும்” என்றேன். அவர் தம் கெலிண்டானையும் உடன் அழைத்து வந்திருந்தார். வெளியூர் நண்பர்களுக்காகச் சொல்கிறேன்: லாரியில் உதவிக்கு உடன்வரும் ஆளை நாங்கள் அப்படித்தான் அழைப்போம்.

கரும்பலகையில் சிம்பாங் பூலாய்ச் சாலையை ஒரு நீண்ட வளைகோடாக வரைந்தார். “எந்த கியருல ஏறுனமோ அதே கியருல இறங்கணும். பிரேக்க மிதிச்சுக்கிட்டே வந்தா சூடாயிடும். கடைசி வளைவுல புடிக்காது” என்றார். பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டனர். “மார்ட்டின்ஸ்வில்!” என்று ஒருவன் முணுமுணுத்தான். பனி இறங்கினால் என்ன செய்வது, தோட்டத்துக் குறுகிய பாதையில் ஒரு பக்கம் பள்ளமாக இருக்கும்போது எப்படிப் பின்னோக்கி எடுப்பது என்றெல்லாம் சொன்னார். அப்போது கெலிண்டான் எழுந்து, தாம் பின்னால் நின்று வண்டியின் தகரத்தைத் தட்டும் முறையைச் செய்து காட்டினார். ஒரு தட்டு என்றால் வரலாம். இரண்டு தட்டு என்றால் நில். “எனக்குப் பின்னாடி கண்ணு இல்ல. இவருதான் என் கண்ணு. இவரு தட்டுனா நான் கேள்வி கேக்கமாட்டேன்” என்றார் அந்த ஓட்டுநர்.

“இவர்தான் ஸ்பாட்டர்!” என்றான் அவருடைய மகன். அதுவரை தலைகுனிந்து அமர்ந்திருந்தவன் அவன்.

மறுநாள் அவனுடைய பழைய கட்டுரையை எடுத்துவரச் சொன்னேன். நான் எழுதியிருந்த குறிப்பை அவன் எதிரிலேயே அடித்துவிட்டு, “இக்குறிப்பு தவறு. இக்கட்டுரை நன்று. எழுத்துப்பிழைகளை மட்டும் திருத்துக” என்று எழுதித் தேதியிட்டேன். அவன் அதை இரண்டு முறை படித்தான். பிறகு, “லோரின்னு எழுதலாமா டீச்சர், கனவுந்துன்னுதான் எழுதணுமா?” என்று கேட்டான். உரையாடலில் ‘லோரி’ என்றும், கட்டுரையின் பிற பகுதிகளில் ‘கனவுந்து’ என்றும் எழுதும்படி சொன்னேன். என்ன இருந்தாலும் நான் தமிழாசிரியை அல்லவா?

அந்த வாரத்தின் பயிற்சி ஒன்றில் ‘கனவுந்து’ என்ற சொல்லையே பிரித்தெழுதக் கொடுத்திருந்தேன். எல்லாரும் ‘கன + உந்து’ என்று எழுதினர். அவன் மட்டும் ‘கனவு + உந்து’ என்று எழுதியிருந்தான். சிவப்புப் பேனா தானாகவே கீழே இறங்கியது, நிறுத்திக்கொண்டேன். ‘கன’ என்பதோடு ‘உந்து’ சேரும்போது இடையில் வகர உடம்படுமெய் தோன்றும். ‘கனவு’ என்பதோடு ‘உந்து’ சேரும்போது ஈற்று உகரம் கெட்டுப் புணரும். முற்றியலுகரமும் சில இடங்களில் அவ்வாறு கெடுவதுண்டு. இரு வழியிலும் வரும் வடிவம் ஒன்றே. வாகனத்தின் பெயராகப் பார்த்தால் முதல் விடையே சரி. அதை அவனுக்கு விளக்கினேன். புணர்ச்சி விதியில் அவன் பிழை செய்யவில்லை என்பதையும் சொன்னேன். புள்ளியைக் குறைக்கவில்லை.

பெற்றோர்களே, உங்கள் பிள்ளை வாகனம் ஓட்டத்தான் வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அந்தத் தந்தையும் அப்படிச் சொல்லவில்லை. படிப்பு வேண்டும். பந்தய அணிக்குக்கூடக் கணிதமும் இயற்பியலும் தெரிந்தவர்களே தேவை. ஆனால் பிள்ளை மேலேறுவதற்காக, வீட்டிலிருப்பவரைக் கீழே காட்ட வேண்டியதில்லை. ஃபார்முலா ஒன்னில் ஓடியவர் டிரக் வண்டியில் ஏறிப் புதியவராகக் கற்றுக்கொண்டார். அதனால் அவர் குறைந்துபோகவில்லை.

ஆசிரிய நண்பர்களே, ‘என் இலட்சியம்’, ‘என் தந்தை’, ‘என் குடும்பம்’ என்று நாம் தலைப்புக் கொடுக்கும்போது, பிள்ளைகள் தங்கள் வீட்டுக் கதவைத் திறந்து நம்மை உள்ளே அழைக்கிறார்கள். அடுத்த முறை அந்த ஏடுகளைத் திருத்த அமரும்போது, எழுத்துப்பிழையை மட்டும் திருத்துவோம்.

இன்று காலை பள்ளிக்கு நடந்து வந்துகொண்டிருந்தேன். வெறும் கூடைகளோடு மேலேறிய நீல நிற லாரி ஒன்று என்னைக் கடந்து சென்று பள்ளி வாயிலருகே நின்றது. கதவு திறந்தது. புத்தகப்பை முதலில் இறங்கியது. பின்னர் அவன் இறங்கினான். வண்டியின் பின்புறத்திற்கு ஓடிப்போய்ச் சாலையின் இரு பக்கமும் பார்த்துவிட்டு, தகரத்தை ஒரு முறை தட்டினான். வண்டி பின்னோக்கி வந்து திரும்பிச் சென்றது.